வெள்ளம் பாயும் வீதிகளும் சாரதிகளின் பொறுப்பும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பிறந்துவிட்டால் வடக்கிலும் கிழக்கிலும் எது வீதி, எது வயல் என்று தெரியாத நாட்கள் வருவது வழமை. குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன. தாம்போதிகளுக்கு மேலாக வெள்ளம் பாய்கின்றது. ஆயினும் வைத்தியசாலைக்கும் வேலைத்தளத்துக்கும் வீட்டுக்கும் சென்றே ஆகவேண்டிய மக்கள் அவ்வீதிகளில் இறங்கவே செய்கின்றனர்.

2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரமொன்று வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் உட்படப் பலர் அதில் உயிரிழந்தனர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கலா ஓயா பாலத்தருகே பயணிகள் பஸ்ஸொன்று வெள்ளத்தில் சிக்கியது. அதிலிருந்த சுமார் 70 பேர் நீண்ட நேரப் போராட்டத்தின் பின்னரே கடற்படையினரால் மீட்கப்பட்டனர்.

இவ்விரு சம்பவங்களிலும் சிக்கியவை சிறிய வாகனங்கள் அல்ல. 'வாகனம் பெரிது, பாரமானது, ஆகவே போய்விடலாம்' என்ற எண்ணமே வெள்ளக் காலத்தில் மிக ஆபத்தானது என்பதை நாம் முதலிற் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

ஒரு கன மீற்றர் நீரின் எடை 1000 கிலோ கிராம் ஆகும். நான்கு சதுர மீற்றர் அடிப்பரப்புடைய சிறிய காரொன்று, அதன் அடித்தட்டுக்கு மேல் 20 சென்ரிமீற்றர் நீரில் அமிழ்ந்தால் 800 கிலோ கிராம் நீரை இடம்பெயர்க்கின்றது. சிறிய கார்கள் பலவற்றின் மொத்த எடையே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே உள்ளே நீர் புகுமுன்னரே டயர்கள் வீதியின் பிடியை இழந்து, கார் மிதக்கத் தொடங்கிவிடும். 30 சென்ரிமீற்றர் ஆழ நீரில் பல கார்கள் மிதக்கக் கூடும். 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள பாயும் நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் சென்றுவிடும். நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது வாகனத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. உழவு இயந்திரம் பாரமானதாக இருப்பினும் அதன் பின்னாலுள்ள பெட்டி இலேசானது. பக்கவாட்டில் நீரின் தள்ளுகையை முதலில் ஏற்பதும், ஆட்கள் ஏறியிருப்பதும் அப்பெட்டியே.

ஆகவே முதலாவது விதி, பாயும் நீரில் இறங்காதிருப்பதாகும். கலங்கிய நீரின் அடியில் வீதி இருக்கின்றதா, அரித்துச் செல்லப்பட்டுவிட்டதா என்பதை எவராலும் மேலிருந்து கூறமுடியாது. நேற்றுக் கடந்த இடம் இன்றும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முன்னே சென்ற வாகனம் தப்பியதும் அதற்குச் சான்றாகாது.

நீர் அசையாமல் தேங்கி, வீதியின் ஓரங்கள் தெளிவாகத் தெரிந்து, ஆழம் சில்லின் மையத்துக்கு நன்கு கீழே இருந்தால் மாத்திரம் கடப்பதைப் பற்றி யோசிக்கலாம். அவ்வேளையில் முதலாவது கியரில், நடக்கும் வேகத்தில், வீதியின் நடுப்பகுதியால் செல்லவேண்டும். வீதிகள் பொதுவாக நடுவில் சற்று உயர்ந்தே அமைக்கப்படுகின்றன. இடையில் கியர் மாற்றுவதையும் நிறுத்துவதையும் தவிர்த்தல் நன்று. ஒரு வாகனம் கரையேறிய பின்னரே அடுத்தது இறங்கவேண்டும். வேகமாகச் சென்றால் எழும் அலை இயந்திரத்தின் காற்று உள்ளெடுக்கும் குழாயை எட்டிவிடும். அவ்வலை வீதியோரத்து வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுவதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நாம் காண்கின்றோம். மறுகரையை அடைந்ததும் பிரேக்கை மெதுவாகப் பலமுறை அழுத்தி உலர்த்திய பின்னரே வழமையான வேகத்தில் செல்லவேண்டும்.

நீரின் நடுவே இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயலக்கூடாது. காற்றைப்போல் நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் இயக்கினால் உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளைந்து இயந்திரமே பாழாகிவிடும். டீசல் வாகனங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. ஹைபிரிட் வாகனங்களின் செம்மஞ்சள் நிற மின்கம்பிகளைத் தொடக்கூடாது. அவற்றைப் பயிற்சி பெற்ற திருத்துநரிடமே ஒப்படைக்கவேண்டும்.

வாகனம் மிதக்கத் தொடங்கினால் அதைக் காப்பாற்ற நினைக்கவே கூடாது. ஆசனப் பட்டிகளைக் கழற்றி, மின்சார யன்னல்கள் செயலிழக்குமுன் அவற்றைத் திறந்து, சிறுவர்களை முதலில் வெளியேற்றவேண்டும். வெளிநீரின் அழுத்தத்தால் கதவு திறவாது. கதவோடு போராடி நேரத்தை வீணாக்கலாகாது. உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸ் அவசர சேவையின் 119 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம்.

சாரதிகளை மாத்திரம் குறைகூறுவதும் நியாயமாகாது. வருடந்தோறும் அதே தாம்போதிகள் மூழ்குகின்றன. கிரான் பகுதியில் வீதி மூழ்கி மக்கள் படகில் பயணிப்பது மழைக்காலத்துக்குரிய வழமையான செய்தியாகிவிட்டது. அத்தகைய இடங்களில் பாலங்களை உயர்த்தும் வரையிலாவது, நீரின் ஆழத்தைக் காட்டும் அளவுகோல்களையும் வீதியோரத்தைக் காட்டும் கம்பங்களையும் நாட்டுவதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. நீர்மட்டம் உயர்ந்தவுடன் வீதியை மூடுவதற்கும், மாற்றுப் பாதையை அறிவிப்பதற்கும் பிரதேச செயலகங்களும் பொலிஸாரும் பொறுப்பேற்கவேண்டும்.

பாடசாலைகளும் மத்ரஸாக்களும் வெள்ள எச்சரிக்கை வெளியான பின்னர் பிள்ளைகளை அவசரமாக வீட்டுக்கு அனுப்புவதிலும் பார்க்க, வழி பாதுகாப்பானது என்று உறுதியாகும் வரையில் அங்கேயே தங்கவைப்பது மேலானது. பெற்றோரும் அதனை வற்புறுத்தவேண்டும். ஏனெனில் அக்கரையைப் பார்த்து, 'போகலாம்' என்று சாரதி எடுக்கும் முடிவு அவருக்காக மாத்திரம் எடுக்கப்படுவதல்ல. பின்னால் இருப்பவர்கள் அவரை நம்பியே ஏறியிருக்கின்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு தாமதமாக வீடு சேரும் சாரதியை எவரும் கோழை என்று ஏசவேண்டாம் என்பதே எமது வேண்டுகோளாகும்.