கௌதாரியைத் தேடிக் கௌதாரிமுனைக்கு

கௌதாரியைக் கண்டவர்களைவிட அதன் சத்தத்தைக் கேட்டவர்களே அதிகம். விடியப்புறம் ஒரு பற்றைக்குள் ஒன்று கத்தும்; அடுத்த பற்றையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். நெருங்கினால் இரண்டும் அடங்கிவிடும். பறந்தாலாவது பார்க்கலாம், ஆனால் அது ஓடித்தான் தப்பும். காலடிக்குக் கிட்டப் போனால் மட்டும் படபடவென்று எழும்பி, கொஞ்சம் தள்ளி மறுபடியும் பற்றைக்குள் விழும்.

இந்தியாவில் சாதாரணமாகக் காணும் இப்பறவை, இலங்கையில் புத்தளம் தொடக்கம் மன்னார், யாழ்ப்பாணம் வரையான வறண்ட பகுதியில்தான் வாழ்கிறது. நீளம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். சாம்பலும் கபிலமும் கலந்த உடம்பில் நெருக்கமான கோடுகள். வெளிறிய தொண்டையைச் சுற்றி மெல்லிய கருங்கோடு. சேவலுக்குக் காலில் முள் உண்டு. நிலத்தில் முட்டையிடும். விதைகளும் கறையானும் தீன். இரவில் முள்மரங்களில் அடையும்.

நான் போனது பூநகரிக்கு மேற்கே, பறவையின் பெயரையே கொண்ட கௌதாரிமுனைக்கு. சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் போய்வரலாம். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த மண்ணில் நடப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. சின்ன வயதில் அது படையினரின் கையில் மட்டும் பார்த்த பொருள்.

சத்தம் வந்த பக்கமாகப் பாதையை விட்டு இறங்கப்போனேன். கூட வந்த ஐயா மறித்தார். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்.

"இறங்க வேண்டாம் பிள்ளை. நிண்டு பாப்பம். அது வந்தா வரட்டும்."

பறவை பார்ப்பதற்கான கைநூல்கள் சத்தத்தைப் பின்தொடரச் சொல்லும். வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்திலும் ஊரவரைக் கேட்காமல் பற்றைக்குள் கால் வைக்காதீர்கள். கௌதாரிக்கும் அதுதான் நல்லது. கூடு நிலத்தில் இருப்பதால் மிதிபடும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

கௌதாரி ஆண்டு முழுதும் இங்கேதான். வலசைப் பறவைகளையும் பார்க்க விரும்பினால் மாரியில் மன்னார்ப் பக்கம் போங்கள். அங்குள்ள வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனமாகி, 2010இல் றம்சார் ஈரநிலமானது, 4,839 ஹெக்ரேயர்.

அன்று முக்கால் மணித்தியாலம் நின்றோம். வெயில் ஏறத் தொடங்கியபோது மூன்று கௌதாரிகள் வரிசையாகப் பாதையைக் குறுக்கறுத்து ஓடின. பைனாகுலரைத் தூக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐயா மட்டும் எண்ணிவிட்டார்.