பீடி சுற்றும் பெண்கள் (தென்காசி வட்டாரம்)

தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பகுதிகளில் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் கூலித் தொழில். குற்றாலத்தில் அருவிச் சீசன் ஓய்ந்து, வானம் பார்த்த வயல்களும் காய்ந்து, ஆண்களுக்கு வேலையில்லாத மாதங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த வருமானத்தால்தான்.

பீடிக்கடையில் பீடி இலையும் புகையிலைத் தூளும் நூலும் எடைபோட்டுத் தருவார்கள். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியிலுள்ள தட்டிலிருந்து தூளை எடுத்து இலையில் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இலை மோசமாக இருந்தால் குறையும் எண்ணிக்கையைச் சுற்றியவரே ஈடுகட்டுவார். கூலி வெட்டைவிடக் கொடிய வழக்கம் இது.

1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 1976-இல் நலநிதிச் சட்டம் வந்தது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை அதன் வழி கிடைக்கிறது. சேமநலநிதியும் உண்டு. ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் பெயரில்லாமல் ஒப்பந்தக்காரரிடம் சுற்றுபவருக்கு இவற்றைப் பெறுவது கடினம். புகையிலைத் தூசால் வரும் இருமலுக்கும் முதுகுவலிக்கும் விடுப்புச் சம்பளம் கிடையாது.