63½ டிகிரி வானம்

1898 அக்டோபரில் லண்டனில் எபனேசர் ஹோவர்டின் புத்தகம் வெளிவந்தது. அவர் பொறியாளரோ கட்டடக் கலைஞரோ இல்லை. நாடாளுமன்ற விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிழைத்தவர். நெரிசல் நகரங்களுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே புதிய ஊர்களை எழுப்பலாம், அந்த நிலம் பொதுவில் இருக்கட்டும், அதன் மதிப்பு ஏறும்போது வரும் ஆதாயம் ஊராருக்கே சேரட்டும் என்று அவர் வாதிட்டார். அதே ஆண்டு முடிவதற்குள் பம்பாயில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் சட்டப்படி அமைந்தது. அதற்குக் காரணம் பிளேக். 1896இல் மாண்ட்வியில் தலைகாட்டிய அந்தக் கொள்ளைநோய்க்கு, காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளே வேர் என்று அரசு நம்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் நோயைச் சுமக்கின்றன என்பது பின்னாளில்தான் எல்லோராலும் ஏற்கப்பட்டது. டிரஸ்ட் நகரத்துக்குள் குடியிருப்புகளை இடித்துச் சாலை போட்டது. வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை எடுத்து மனை பிரித்தது. அந்த இரண்டாவது வேலையில் பிறந்ததுதான் 1899-1900இல் வகுக்கப்பட்ட தாதர்-மாட்டுங்கா-வடாலா-சயான் திட்டம்.

இன்று தாதர் கிழக்கில் பார்சி காலனியின் மரநிழலிலும் ஐந்து தோட்டங்களைச் சுற்றியும் நடப்பவர்கள், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எவ்வளவு யோசித்துத் திட்டமிட்டார்கள் என்று வியப்பது வழக்கம். அந்த வியப்பில் பாதி நியாயம் உண்டு. திட்டம் நல்ல தெருக்களைத் தந்தது. ஆனால் அது எந்த நோக்கத்துக்காக வகுக்கப்பட்டதோ அந்த நோக்கத்தில் தோற்றது. அந்தத் தோல்விக்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரண்டு வழிகளில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த தமிழர்களின் கதையே போதும்.

டிரஸ்டின் சிந்தனையைப் புரிந்துகொள்ள, 1909 முதல் பத்தாண்டுக் காலம் அதன் தலைவராக இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி ஜே.பி. ஓர் என்பவர் எழுதியவற்றைப் படிக்க வேண்டும். நிர்வாகியாக இருந்தவர்களில் அவ்வளவு எழுதியவர்கள் குறைவு. வீடுகளில் வெளிச்சமும் காற்றும், மக்கள் நெருக்கம், சேரிச் சீர்திருத்தம் என்று சொற்பொழிவுகளாகவும் சிறு வெளியீடுகளாகவும் தம் கொள்கையை விளக்கிக்கொண்டே இருந்தார். பின்னர் லண்டன் மாநகர நிர்வாகத்தின் வீட்டுவசதி இயக்குநர் பொறுப்புக்குப் போனார். 1912இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் அவர் விளக்கிய 63½ டிகிரி விதி எளிமையானது. உங்கள் வீட்டுச் சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுங்கள். தரையோடு அது 63½ டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நின்றால், அறைக்குள் போதிய வானம் தெரியவில்லை என்று பொருள். எதிரே 40 அடி உயரக் கட்டடம் இருந்தால் இடையில் 20 அடி திறந்தவெளி வேண்டும். இங்கிலாந்தில் கேட்கப்பட்டது 45 டிகிரி. அதாவது 40 அடி உயரத்துக்கு 40 அடி வெளி. பம்பாயின் நிலவிலையில் அது கட்டுப்படியாகாது என்று பாதியாகக் குறைத்துக்கொண்டார். இந்தச் சமரசத்தில் மனிதாபிமானம் இருந்தது, கணக்கும் இருந்தது. ஆனால் அந்த விதி அறைக்குள் விழும் வானத்தை மட்டுமே அளந்தது. அறையின் வாடகை அதன் கோணத்துக்குள் வரவில்லை.

வாடகையைப் பற்றி டிரஸ்ட் யோசிக்கவே இல்லை என்று சொல்வது தவறு. அதற்கென்று ஒரு கோட்பாடே இருந்தது. முதல் பத்தாண்டுகளில் சேரியை நேரே தாக்கி இடித்ததில், டிரஸ்ட் கட்டிக் கொடுத்ததைவிட இடித்த குடித்தனங்களே மிகுதி. வீடிழந்தவர்கள் பக்கத்துத் தெருவில் போய் இன்னும் நெருங்கி அடைந்தார்கள். இதைக் கண்ட பிறகுதான் மறைமுகத் தாக்குதல் என்ற யோசனை வலுப்பெற்றது: தாதரிலும் மாட்டுங்காவிலும் நல்ல மனைகள் கிடைத்தால் நகரத்து நடுத்தர வர்க்கம் அங்கே குடிபெயரும், அவர்கள் காலி செய்யும் வீடுகளுக்கு அடுத்த நிலையினர் ஏறுவார்கள், கடைசியில் அடித்தட்டு மக்களுக்கும் இடம் கிடைக்கும். தாதர்-மாட்டுங்காவில் 60,000 பேர் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. நிலம் டிரஸ்டின் கையிலேயே இருக்க, மனைகள் குத்தகைக்குப் போயின. ஹோவர்டின் யோசனையோடு ஒப்பிட்டால் இதில் பாதி இருக்கிறது. நிலம் பொதுவில் இருந்தது. அதன் வருமானம் டிரஸ்டின் கடனை அடைக்கப் போனதே தவிர, ஏழையின் வாடகையைக் குறைக்கப் போகவில்லை.

மனைகள் பெருமளவில் நிரம்பியது 1920களிலும் 30களிலும். மஞ்சர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் டிரஸ்டிடம் வாதாடி 103 மனைகளைப் பார்சிகளுக்கென்று ஒதுக்கச் செய்தார். மாட்டுங்காவிலோ, சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் ஒரே கதவுக்குள் அடங்கிய ஃபிளாட்டுகள் எழுந்தன. அவற்றில் குடியேறியவர்களில் பெரும்பங்கு யார்? தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கத்திலிருந்து, ஆங்கிலப் படிப்பும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்ப் பிராமணர்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கும் அளவுக்கு அவர்கள் வேரூன்றினார்கள். இந்தக் குமாஸ்தாக்களில் பெரும்பாலோர் கிர்காவிலோ புலேஷ்வரிலோ எந்த அறையையும் காலி செய்துவிட்டு வரவில்லை. ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், கொஞ்ச காலம் நண்பர்களோடு தங்கி, மாட்டுங்காவில் குடித்தனம் வைத்தார்கள். அவர்கள் விட்டுப்போன அறை என்று ஒன்று இல்லாதபோது அதில் யார் ஏற முடியும்? 1901இல் 7.76 லட்சமாக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 1921இல் 11.76 லட்சம். எங்காவது ஓர் அறை காலியானாலும் அதைப் பிடிக்கப் புதியவர் வாசலில் நின்றார். கோட்பாட்டின் ஏணி முதல் படியிலேயே முறிந்தது.

அதற்கு முன்பிருந்தே, அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து இன்னொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. ஆதிதிராவிடர்களும் தோல் தொழில் தெரிந்த முஸ்லிம்களுமாக வந்த அவர்கள் இறங்கிய இடம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தாராவி. மாஹிம் கழிமுகத்துச் சேற்றைத் தாங்களே மண்கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டார்கள். தோல் பதனிடும் ஷாப்புகளில் உழைத்தார்கள். 1913இல் பிள்ளையாருக்குக் கோயிலும் கட்டினார்கள். டிரஸ்டின் வரைபடத்தில் வெளிச்சக் கோணமும் மரவரிசையும் மாட்டுங்கா பக்கத்தோடு நின்றன.

டிரஸ்ட் கொடுத்த இரு வகை வீட்டையும் வாழ்ந்து பார்த்தவர் அம்பேத்கர். பரேலில் தொழிலாளருக்காக டிரஸ்ட் கட்டிய, 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்பில், 50, 51 என்ற எண்ணுள்ள அறைகளில் அவர் குடும்பம் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தது. பொதுத் தாழ்வாரம், பொதுக் கழிப்பறை. பிறகு தாதர் இந்து காலனியில் புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கி ராஜகிருகத்தைக் கட்டிக்கொண்டு குடியேறினார். பாரிஸ்டராகவும் பேராசிரியராகவும் ஆன ஒரு மனிதரால்தான் பரேல் சாலிலிருந்து தாதர் மனைக்கு வர முடிந்தது. அந்தத் தாழ்வாரத்தில் அவரோடு வாழ்ந்த ஆலைத் தொழிலாளிகளுக்குத் தாதர் மனையின் கதவு திறக்கவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் இரண்டு வலுவானவை. தாராவி டிரஸ்டுக்கு முந்தியது என்பது ஒன்று. உண்மைதான், கோலி மீனவர்கள் அதற்கும் வெகுமுன்பே இருந்தார்கள், முதல் தோல் ஷாப்பு 1887இல் வந்துவிட்டது. டிரஸ்ட் தாராவியை உண்டாக்கியது என்று நானும் சொல்லவில்லை. நாற்றமடிக்கும் தொழிலையும் அதைச் செய்பவர்களையும் ஊருக்கு வெளியே தள்ளும் வழக்கம் சாதியைப் போலவே பழையது. நவீன நகரத் திட்டம் அந்தப் பிரிவினைக் கோட்டை அழிக்க வந்த வாய்ப்பை விட்டுவிட்டு, ரயில் பாதையை எல்லையாக ஏற்றுக்கொண்டது என்பதே என் குற்றச்சாட்டு. இரண்டாவது மறுப்பு, அன்றைய நிதியில் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது. இதற்கு அன்றே மாற்று யோசனை இருந்தது. 1914இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெட்டிஸ், இருக்கிற தெருவை இடிக்காமல், தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைத்து, மக்களை அங்கேயே வைத்துச் சீராக்கலாம் என்று சென்னை மாகாணத்து ஊர்களுக்கு எழுதிய அறிக்கைகளில் வரைந்தே காட்டினார். ஜே.பி. ஓர்கூட இடிப்பதைக் குறைத்து, பழைய வீட்டில் ஜன்னல் திறக்கச் செய்யும் வழிக்கு மெல்ல நகர்ந்தார். அந்த நேர்மையை மதிக்க வேண்டும். ஆனால் மதிப்பது வேறு, திட்டத்தின் பலன் வேறு. 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது, தாதர்-மாட்டுங்கா வெற்றிபெற்ற புறநகர்; அதன் அண்டையில் தாராவி வளரும் குடிசைப்பகுதி.

இப்போது தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் வந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. வரைபடத்தில் வெளிச்சமும் தோட்டமும் இருக்கும், சந்தேகமில்லை. கேட்க வேண்டிய கேள்வி நூறாண்டுக்கு முன் கேட்கப்படாத அதே கேள்விதான்: இடிக்கும் முன், எந்தக் குடும்பம் எந்த இடத்துக்கு, மாதம் எவ்வளவு செலவில், வேலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது? அந்தப் பட்டியலை ஒவ்வொரு தெருவிலும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒட்டாமல் ஒரு சுவரையும் இடிக்கக் கூடாது.