லயனல் வென்றின் நிழற்படங்களும் வரலாற்றின் மௌனமும்

இலங்கையின் நவீன கலை வரலாற்றை எழுதியோர் லயனல் வென்றை (1900–1944) மறந்தவரல்லர். பியானோ வித்தகராகவும், 1934 இல் உருவான ‘சோங் ஒவ் சிலோன்’ விவரணப்படத்தின் குரலாகவும், 1943 இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’வின் உந்துசக்தியாகவும் அவரைப் போற்றியுள்ளனர். ஆயின், அவரது நிழற்படங்களில் முக்கிய இடம்பெறும் ஆணுடலின் அழகு எவ்வேட்கையின் வெளிப்பாடு என்னும் வினா நெடுங்காலம் ஒதுக்கப்பட்டே வந்தது. அவர் தன்பால் நாட்டமுடையவர் என்பதை ஆய்வாளர் வெளிப்படையாக எழுதத் தொடங்கியது பிற்காலத்திலேயேயாம்.

இம்மௌனம் தற்செயலானதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1883 இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிற்று. குற்றமாக்கப்பட்ட வாழ்க்கை, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் விட்டுச்செல்லத் தயங்கும். வென்றின் மறைவின் பின்னர் அவருடைய படச்சுருள்களும் அழிக்கப்பட்டன. 1950 இல் நூலாக வெளிவந்த தொகுப்பும் எஞ்சிய பிரதிகளுமே நமக்குக் கிட்டியவை.

எழுத்துச் சான்று அருகுமிடத்துக் கலைப்படைப்பே சான்றாகின்றது. நீதிமன்றப் பதிவேடு இத்தகையோரைக் குற்றவாளிகளாக மாத்திரமே காட்டவல்லது. வென்றின் படங்களிலோ அழகு கண்ட மனிதக் கண்ணொன்று பதிவாகியுள்ளது.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. வென்ற் வசதிபடைத்த குடும்பத்தவர்; அவரது கருவியின் முன் நின்றோருட் பலர் உழைக்கும் இளைஞர். அவர் பெயரால் கொழும்பில் அரங்கொன்று நிலவுகின்றது. அவ்விளைஞரோ பெரும்பாலும் பெயரற்றவராகவே உளர். ஒரு மௌனத்தைக் கலைக்கப் புகுவோர் மற்றொன்றைத் தொடரவிடலாகாது.