வெறுத்த புழுவும் காத்த காலும்



"புழுத்துப் போவாய்" என்பது நம் பாட்டிமார் அறிந்த கொடிய சாபம். ஆயினும், புண்ணில் நெளியும் அதே புழு மனிதரைக் காத்த வரலாறும் உண்டு.

1798இல் தொடங்கிய எகிப்துப் படையெடுப்பில் நெப்போலியனின் படை மருத்துவர் இலாரே, புழு மொய்த்த காயங்கள் விரைந்து ஆறுவதைக் கண்டார். முதல் உலகப் போரில், 1917இல், ஏழு நாள் களத்திலேயே கிடந்த இரு வீரர்களை அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேயர் பரிசோதித்தார். காயங்களில் புழுக்கள் நிறைந்திருந்தன, காய்ச்சலோ இல்லை. புழுக்களை அகற்றியபோது அடியில் புதிய செந்தசை வளர்ந்திருந்தது. 1928இல் எலும்புச் சீழ் நோயுற்ற சிறுவர்களுக்கு அவர் இம்மருத்துவத்தை மேற்கொண்டார். சிலருக்கு இழுப்புவலி நோய் கண்டதால், நுண்ணுயிர் நீக்கி வளர்த்த புழுக்களையே பின்னர்ப் பயன்படுத்தினார். 1940களில் பெனிசிலின் பரவியதும் இம்முறை மறக்கப்பட்டது.

அம்மருந்து எட்டாத இடமொன்று அக்காலத்தில் இருந்தது. 1942-43இல் சப்பானியர் அமைத்த சயாம் மரண இரயில் பாதையில், கால்களை எலும்புவரை அரித்த புண்களுக்குப் போர்க்கைதிகள் சிலர் புழுக்களையே துணைகொண்டனர். அவர்களிடையே மருத்துவர்களேனும் இருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்ப் பாட்டாளிகளுக்குப் பெரும்பாலும் அத்துணையும் இல்லை. புண்ணும் வாந்திபேதியும் அவர்களைக் கொத்துக்கொத்தாய் மாய்த்தன.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, புழு மருத்துவம் மீண்டது. 2004இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. நம் நாட்டில், 1900இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆய்வுக் கழகம், இங்கு இயல்பாய் வாழும் 'லூசிலியா குப்ரினா' என்னும் பச்சை ஈயின் புழுக்களைத் தூய்மையாக வளர்த்தது. இனிப்புநீர்க் கால்புண்ணில் இப்புழு, வழக்கமான அறுவைமுறைக்கு இணையாகப் பயன் தருவதாக 2009இல் வெளிவந்த மலேசிய ஆய்வு கூறியது. புழு தன் உமிழ்நீரால் அழுகிய தசையைக் கரைத்து உறிஞ்சுகிறது. உயிருள்ள தசையை விட்டுவிடுகிறது.

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, இனிப்புநீர் மிகுந்த இனத்தவர் இந்தியரே. எனவே பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்கு இஃது அயலார் கதையன்று. வீட்டில் தானாக ஈ மொய்த்த புண் மருத்துவமாகாது, அது பேராபத்து. அருவருப்பாலும் நாணத்தாலும் புண்ணை மறைப்பதே காலை இழக்கச் செய்கிறது. பெரியோரின் பாதங்களை நாள்தோறும் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். சிறு புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டுவோம்.