கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்துவதற்கான பயிற்சி

கைத்துப்பாக்கியைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாவண்ணம் உடையினுள் வைத்துக்கொண்டு பொது இடங்களில் நடமாட விரும்பும் குடிமக்களுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அளிக்கப்படும் பயிற்சி இது. ஆயுதத்தைக் கையாளும் லாகவம், அதனைப் பிரயோகிக்கலாமா என்று தீர்மானிக்கும் விவேகம் என இரு அங்கங்களை உடையதாயினும், சட்டம் அளந்து பார்ப்பது பெரும்பாலும் முதலாவதையே.

சட்டம்: தேசம் முழுமைக்கும் பொதுவான பயிற்சி விதி ஏதும் இல்லாமையால், நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. விசேஷக் காரணம் காட்டினாலன்றி உரிமம் இல்லை என்றிருந்த நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதம் செல்லாதென்று தீர்ப்பளிக்கவே, அம்மாநிலம் அவ்வாண்டிலேயே 16 மணி நேர வகுப்பையும், தோட்டாவைச் சுட்டுப் பழகும் 2 மணி நேர அப்பியாசத்தையும் கட்டாயமாக்கியது. வெர்மான்டிலோ மாநில உரிமம் என்பதே கிடையாது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிச் சட்டத் தடை ஏதுமில்லாதவர் உரிமமின்றியே ஏந்தலாம்.

தேர்வு: டெக்சாஸில் விரும்பி உரிமம் பெறுவோர் 3 கஜத்திலிருந்து 20, 7 கஜத்திலிருந்து 20, 15 கஜத்திலிருந்து 10 என 50 தோட்டாக்களைச் சுட்டு, 250 புள்ளிகளில் 175 பெற்றால் தேர்ச்சியடைவர். ஆயினும் அந்தக் காகித இலக்கு எதிர்த்துப் பாய்வதுமில்லை. அதன் பின்னே வழிப்போக்கர் எவரும் நிற்பதுமில்லை.

கைத்திறன்: அரிசோனாவில் 1976-இல் பயிற்சிக்கூடம் நிறுவிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் இத்துறையில் பாலபாடமாகும்: எத்துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக, அழிக்க மனமில்லாத பொருளை நோக்கி அதனை நீட்டற்க, குறி இலக்கில் படியும்வரை விசையில் விரலை வையற்க, இலக்கையும் அதற்கு அப்பாலுள்ளதையும் அறிந்து சுடுக. மறைத்து ஏந்துவோர்க்கு இவற்றோடு உடையினால் வரும் அபாயமும் உண்டு. துப்பாக்கியை மீண்டும் உறையில் செருகும்போது சட்டையின் ஓரம் விசையில் சிக்கிக்கொண்டால், விரல் படாமலே குண்டு பாய்ந்து ஏந்தியவரது தொடையையே துளைக்கக்கூடுமாதலால், ஆடையை நன்கு விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, அவசரமின்றிச் செருகுமாறு ஆசிரியர்கள் வற்புறுத்துவர்.

விவேகம்: உயிருக்கோ உடலுக்கோ கொடுந்தீங்கு உடனே நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலன்றி, உயிர்கொல்லும் பலத்தைச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. விலகிச் செல்ல வழியிருந்தால் விலகியே ஆகவேண்டும் என்பது சில மாநிலங்களின் நியதி. 2005-இல் ஃபுளோரிடா அக்கடமையை நீக்கியது. சட்டம் எவ்வாறிருப்பினும், சச்சரவை வளரவிடாமல் ஒதுங்குவதும், துப்பாக்கியை எடுக்காமலே அபாயத்தைக் கடப்பதும் சிறந்த பயிற்சியில் பெரும்பகுதியாக அமைகின்றன.

நீடிப்பு: பழகாத கைத்திறன் குன்றிவிடும். 2004-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி நாடெங்கும் மறைத்து ஏந்தும் சலுகையைப் பெற, ஓய்வுபெற்ற காவலர்கூட ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேறவேண்டும். உரிமமின்றி ஏந்த இடந்தரும் மாநிலங்களிலோ, புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர் ஒருமுறைகூடச் சுட்டுக் காட்டவேண்டியதில்லை.