வம்சாவளி காட்டிய நோய்க் காரணம்

பப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில் வாழும் போரே இன மக்களை 'கூரு' என்ற நோய் வதைத்தது. உடல் நடுங்கும், நடை தளரும், ஏறத்தாழ ஓராண்டில் மரணம் நேரும். 1957இல் மருத்துவ உலகம் இதனை அறிந்தபோது, மாண்டோரில் மிகப் பெரும்பாலானோர் பெண்களும் சிறுவர்களுமே. பில்லிசூனியம் என்றனர் ஊரார். சந்தேகத்தின் பேரில் கொலைகளும் நடந்தன. பரம்பரை நோய் எனக் கருதினர் வைத்தியர்கள். அம்மக்கள் வெளியேறாதவாறு தடுக்கவேண்டும் என்ற யோசனையும் எழுந்தது. ஓர் இனத்தையே சிறைவைக்கும் யோசனை அது!

1961இல் மானிடவியலாளர்களான ஷேர்லி லிண்டன்பாமும் ரொபர்ட் கிளாஸும் அங்கு சென்றனர். அவர்களது கருவி கேள்விகளும் குறிப்பேடும்தான். ஊர் ஊராக வம்சாவளிகளைக் கேட்டெழுதினர். நோய் தமது வாழ்நாளில்தான் வந்தது என முதியோர் உறுதியாகக் கூறினர். பரம்பரை நோயாயின் இத்துணை விரைவாகப் பரவியிராது. உறவினர் எனப்பட்டோரில் பலர் இரத்த உறவினருமல்லர். இறந்தோரின் உடலை உண்ணும் ஈமச்சடங்கும் அண்மைக் காலத்தில் வந்ததே; மூளையை உண்டோர் பெண்களும் சிறுவர்களும்.

கூரு தொற்றக்கூடியது என்பதை 1966இல் சிம்பன்சிகள் மீதான ஆய்வு நிரூபித்தது. அதற்கான நோபல் பரிசு 1976இல் கார்ல்டன் கஜ்டுசெக் என்ற மருத்துவருக்குக் கிடைத்தது. வம்சாவளி எழுதியோர் அதிகம் பேசப்படவில்லை.

நிர்வாகத்தின் தடையால் அவ்வழக்கம் 1950களிலேயே மறையத் தொடங்கியிருந்தது. அது நின்றபின் பிறந்த எவரையும் கூரு தீண்டவில்லை. சிறுவயதில் உண்டிருந்த முதியோர் சிலர் மட்டும், 40, 50 ஆண்டுகள் கழித்து, 2000களிலும் அந்நோயால் மாண்டனர்.